கையில் கொடுத்தது

உபதேசியார் தவசிக்குக் கிரேக்கம் தெரியும் என்று ஓடைக்கரைப்பட்டியில் ஒரு பேச்சு. உண்மையைச் சொன்னால் அவருக்குத் தெரிந்தது ஒரு கைப்பிடி வார்த்தைதான். மதுரையில் வேதபாடசாலையில் இருந்த காலத்தில், ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் சாயங்காலம் தோட்டத்தில் உலாத்திக்கொண்டே சொல்லிக்கொடுத்தவை அவை. அதற்குமேல் யாரும் கற்றுக்கொடுக்க முன்வரவில்லை. ஆனால் இருப்பதை வைத்துக்கொண்டு பவுசாக இருக்கத் தெரிந்த மனுஷர் அவர். நாலு நகை உள்ள வீட்டுப் பெண்கள் விசேஷத்துக்கு ஒன்றாக மாற்றிப் போடுவதுபோல, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வார்த்தையாக எடுத்துப் பிரசங்கத்தில் போடுவார். சனங்களுக்கும் அது பிடித்திருந்தது. அர்த்தம் புரிகிறதோ இல்லையோ, நம்ம ஆள் வாயில் இவ்வளவு பெரிய வார்த்தை வருகிறதே என்று ஒரு பெருமை.

நம்ம ஆள் என்று அவர்கள் சொன்னதில் தப்பில்லை. தவசி பிறந்தது அதே ஊரில்தான். ஒரு பஞ்சத்தில் அவரை மட்டும் மிஷன் போர்டிங்கில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே கஞ்சியும் படிப்பும் ஞானஸ்நானமும் கிடைத்து, கோட்டும் குடையுமாக உபதேசியாராகத் திரும்பி வந்தார். அண்ணன் சின்னச்சாமியும் மதினி ஒச்சாயியும் ஊரிலேயே கிடந்து மானாவாரியில் பருத்தி போட்டுக் காலம் தள்ளினார்கள். தம்பி வந்து சொன்ன பிறகு அவர்களும் வேதத்துக்கு வந்தார்கள்.

அது முப்பத்தாறாம் வருஷம். பேரையூருக்கு மேற்கே அந்தக் கரிசல் காடு முழுக்கக் கைரேகைச் சட்டம் நடப்பில் இருந்தது. தவசியின் குடியையே பிறவித் திருடர்கள் என்று எழுதி வைத்த சட்டம் அது. அந்தக் குடியில் ஆணாகப் பிறந்து மீசை முளைத்துவிட்டால் போதும், பத்து விரலையும் மையில் அமுக்கிப் பதிந்துகொள்வார்கள். திருடினானா இல்லையா என்ற கேள்வியே கிடையாது. அப்பன் பெயரைக் கேட்பார்கள், அத்தோடு விசாரணை முடிந்தது. ரேகை வைத்தவன் பொழுது சாய்ந்ததும் ஊர்க்கோடியில் இருந்த போலீஸ் கொட்டகைக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு அங்கேயே படுத்து, விடிந்தபின்தான் வீட்டுக்கு வரலாம். பசு கன்று ஈன்றாலும் சரி, பெண்டாட்டி பிள்ளை பெற்றாலும் சரி, இதுதான் கதி. இப்படிச் சட்டம் எழுதிய மகராசனுக்குப் பெண்டாட்டி பிள்ளை இருந்ததா என்று தெரியவில்லை.

சின்னச்சாமி ரேகை வைத்தவர். ஒரே ஒரு ராத்திரி அவர் கொட்டகைக்குப் போகவில்லை. அன்றைக்குத்தான் ஒச்சாயிக்கு இடுப்புவலி கண்டு வெள்ளைத்துரை பிறந்தான். போகாத குற்றத்துக்கு மூன்று மாதம் ஜெயில். அவர் பெயருக்கு எதிரில் இருந்த ஒரே கேஸ் அதுதான். தவசி மிஷன் ஊழியர் என்பதால் அவருக்கு விலக்கு இருந்தது. அண்ணன் துப்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கொட்டகைக்குப் போகும் நேரத்தில் தவசி எப்போதும் உள்ளறையில் ஏதாவது வேலையாக இருப்பார். அந்தப் போக்கைப் பார்க்க அவருக்குத் தெம்பு கிடையாது.

வெள்ளைத்துரைக்கு இப்போது பதினெட்டு. போர்டிங்கில் இருந்தவரை அவனை யாரும் தொடவில்லை. படிப்பை முடித்து ஊருக்கு வந்த மறுமாதமே ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்துவிட்டது. இதற்கு நடுவில்தான் போர்டிங் வார்டன் சிபாரிசில் மதுரையில் ஒரு பஞ்சாலையில் அவனுக்கு வேலை கிடைத்தது. ராத்திரி ஷிப்டு. ரேகை வைத்துவிட்டால் ராத்திரி ஷிப்டு ஏது, மதுரை ஏது? விலக்கு வேண்டும் என்று தவசி மனுப் போட்டார். வியாழக்கிழமை பேரையூர் பங்களாவில் விசாரணை, கவுரவமான ஒருவர் வந்து பையனின் நடத்தைக்குச் சாட்சி சொல்ல வேண்டும் என்று தாக்கல் வந்தது. அந்தக் கவுரவமான ஒருவர் தவசிதான். ஊரில் கோட்டுப் போட்டவர் வேறு யாரும் இல்லை.

விசாரணைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை என்ன பிரசங்கம் செய்வது என்று தவசி நிறைய யோசித்தார். யோசிக்காமல் இருந்திருக்கலாம். அந்த ஊர் வேதக்கோயிலில் பின்வரிசையில் எப்போதும் சுருளி ஏட்டு உட்கார்ந்திருப்பார். ரேகை வைத்தவர்கள் கூட்டமாகக் கூடும் இடத்தில் ஒரு போலீஸ்காரர் இருக்க வேண்டும் என்பது அந்த ஸ்டேஷன் வழக்கம். தலை எண்ண வந்தவர் நாளடைவில் பிரசங்கத்துக்குத் தலையாட்டவும் பழகிவிட்டார். நல்ல மனுஷர். அவர் காதில் நல்ல வார்த்தை விழுந்தால் அது அதிகாரி காதுக்கும் போகும், பையனுக்கு ஒத்தாசையாக இருக்கும் என்று தவசி கணக்குப் போட்டார்.

அப்படித்தான் பேதுருவின் முதல் நிருபத்தில் அந்த இடத்தை எடுத்தார். முன்னோர் வழியாகப் பாரம்பரியமாய் வந்த வீணான நடத்தையிலிருந்து நீங்கள் மீட்கப்பட்டுவிட்டீர்கள், அதுவும் வெள்ளி கொடுத்தோ பொன் கொடுத்தோ அல்ல என்று பேதுரு எழுதுகிற இடம். அதில் முன்னோர் வழியாக வந்தது என்பதற்குக் கிரேக்கத்தில் ஒரே வார்த்தை. பாத்ரோபாரதோதோஸ். தவசியின் கைப்பிடியில் இருந்ததிலேயே கனமான நகை அதுதான்.

அந்த வார்த்தையைச் சொல்லிக்கொடுத்த அன்றைக்குப் பாதிரியார் சொன்னது அவருக்கு அப்படியே நினைவிருந்தது. முன்பாதி தகப்பன். பின்பாதி கையில் கொடுத்தது. தகப்பன் தன் கையால் மகன் கையில் கொடுத்தது எதுவோ அது. பாதிரியார் இன்னொன்றும் சொல்லியிருந்தார். தோட்டத்தில் யூதாஸ் ஆண்டவரைக் காட்டிக்கொடுத்தானே, அங்கேயும் இதே கொடுத்தல்தான். நீங்கள் தமிழில் ஒப்புக்கொடுத்தது, காட்டிக்கொடுத்தது என்று பிரித்துச் சொல்கிறீர்கள், கிரேக்கனுக்கு இரண்டும் ஒரே வினை. இதைச் சொன்னால் பிரசங்கம் நீண்டுவிடும் என்று தவசி அதை விட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வார்த்தையைச் சொன்னதும் கோயிலில் சிரிப்புப் பரவியது. ஒச்சாயி முன்வரிசையில் உட்கார்ந்து அதைச் சொல்லிப் பார்த்தாள். பாத்திரம், பாரதம் என்பதைத் தாண்டி அவள் நாக்குப் போகவில்லை. தவசிக்கு உற்சாகம் வந்துவிட்டது. வீணான நடத்தை என்று புத்தகத் தமிழில் சொன்னால் இவர்களுக்கு எங்கே விளங்கப்போகிறது என்று, எளிமையாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, ஊர்ப்பேச்சில் சொன்னார். நம்ம அப்பன் பாட்டன் கையிலிருந்து பரம்பரை பரம்பரையாக நமக்கு வந்த கெட்ட நடத்தையிலிருந்து ஆண்டவர் நம்மை விடுவித்துவிட்டார் என்றார். இரண்டு மூன்று தடவை சொன்னார். பின்வரிசையில் சுருளி ஏட்டு பலமாகத் தலையாட்டினார்.

வீண் என்பதைக் கெட்ட என்று மாற்றியது ஒரு சின்ன விஷயம். பாரம்பரியம் என்பதைப் பரம்பரை என்று சொன்னதும் சின்ன விஷயம்தான். வேறு ஊரில் சொல்லியிருந்தால் ஒரு காக்காய்கூடத் திரும்பிப் பார்த்திருக்காது.

வியாழக்கிழமை காலையில் அண்ணன், மதினி, பையன், தவசி நாலு பேரும் பேரையூருக்கு நடந்தார்கள். வெள்ளைத்துரை புது வெள்ளைச் சட்டையைக் கஞ்சி போட்டுத் தேய்த்து உடுத்தியிருந்தான். வழியெல்லாம் மில்லைப் பற்றியே பேசினான். சங்கு ஊதினால் மதுரை முழுக்கக் கேட்குமாம், முதல் சம்பளத்தில் அம்மாவுக்குச் சுங்குடிச் சேலை எடுக்கப்போகிறானாம். சின்னச்சாமி மகன் பேசுவதைக் கேட்டுக்கொண்டே பேசாமல் வந்தார். ஆசைப்பட்டால் கெட்டுப்போகும் என்று பயந்த மனுஷர்.

பங்களாவில் விசாரணை அதிகாரியாக வந்திருந்தவர் கல்யாணராமன். மதுரைக் கல்லூரியில் படித்தவர், நெற்றியில் விபூதிப் பட்டை, மரியாதையான பேச்சு. மற்ற அதிகாரிகள் மாதிரி நிற்க வைத்துக் கேட்காமல் தவசிக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார். அந்த நாற்காலியைப் பார்த்ததுமே தவசிக்குப் பாதி வேலை முடிந்துவிட்டதுபோல் இருந்தது. அண்ணனும் பையனும் வாசலில் நின்றார்கள். ஒச்சாயி வெளியே புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள்.

பையனின் படிப்பு, ஒழுக்கம், மில் வேலை எல்லாவற்றையும் தவசி எடுத்துச் சொன்னார். அதிகாரி குறித்துக்கொண்டார். பிறகு சுருளி ஏட்டைக் கூப்பிட்டுப் பையனைப் பற்றி உமக்கு என்ன தெரியும் என்று கேட்டார். ஏட்டு நல்லெண்ணத்தோடுதான் வாயைத் திறந்தார். தங்கமான குடும்பம் என்றார். போன ஞாயிற்றுக்கிழமைகூட உபதேசியார், பரம்பரையாக வந்த கெட்ட நடத்தையை விட்டுவிட வேண்டும் என்று சனங்களுக்கு அழகாக எடுத்துச் சொன்னார் என்றார். சொல்லிவிட்டு, உமக்கு நல்லது செய்துவிட்டேன் பாரும் என்பதுபோலத் தவசியைப் பார்த்து லேசாகச் சிரித்தார்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

"பரம்பரையா வந்த கெட்ட நடத்தைன்னு நீர் சொன்னீரா?"

சொன்னேன் என்றார் தவசி. வேறு என்ன சொல்வது, கோயில் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். அப்போதுதான் அந்த இரண்டு வார்த்தையும் தன் வாயிலிருந்து வந்தவை மாதிரி இல்லாமல், ஸ்டேஷன் சுவரில் தொங்கும் அறிவிப்பிலிருந்து படித்தவை மாதிரி அவர் காதில் விழுந்தன. பரம்பரை, நடத்தை. சட்டம் அவர்களைப் பற்றிச் சொன்னதே அந்த இரண்டு வார்த்தைதான். அதை ஆண்டவர் பெயரால் அவரே எடுத்துச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

பதறிப்போய் அவர் கிரேக்கத்தைப் பிடித்துக்கொண்டார். ஐயா, அது மூலபாஷையில் வேறு மாதிரி, பிறப்போடு வருவதை அந்த வார்த்தை சொல்லவில்லை, தகப்பன் கையில் கொடுப்பதைத்தான் சொல்லுகிறது, கையில் வாங்கியதைக் கீழே போட்டுவிடலாம் அல்லவா என்று விளக்கினார். அதிகாரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. கல்லூரியில் லத்தீன் படித்தவராம். அந்த வார்த்தையை மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டு, எழுத்துக் கூட்டச் சொல்லி எழுதிக்கொண்டார். நல்ல வார்த்தை, நாங்கள் ஆபீசில் பக்கம் பக்கமாக எழுதுவதை ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்களே என்று ரசித்தார். பிறகு நிதானமாக ஒவ்வொன்றாகக் கேட்டார். கொடுப்பது யார்? தகப்பன். பையனின் தகப்பன் யார்? வாசலில் நிற்கிறாரே, என் அண்ணன். ரேகை வைத்தவரா? ஆமாம். கேஸ் உண்டா? ஒன்று உண்டு.

"பையனுக்கு நீர் என்ன முறை?"

"சித்தப்பா முறைங்க."

"அப்போ நீரும் ஒரு தகப்பன்தான்," என்று அதிகாரி சிரித்தார்.

தவசிக்கும் மரியாதைக்குச் சிரிக்க வேண்டியிருந்தது.

அந்தக் கேஸ் என்ன கேஸ் என்று அதிகாரி கேட்கவில்லை. தவசியாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் மனம் வேறொன்றில் சிக்கிக்கொண்டிருந்தது. பேதுரு அந்த இடத்தில் திருட்டைப் பற்றிப் பேசவே இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். முன்னோர் வழியாக வந்த வீண் என்று பேதுரு சொன்னது விக்கிரகங்களைக் கும்பிட்டதை. அதை ஒரே வரியில் சொல்லிவிட்டால் ஏட்டு சொன்னதெல்லாம் அடிபட்டுப்போகும். சொல்வதற்கு வாயைத் திறந்து அதிகாரியின் முகத்தைப் பார்த்தார். காலைப் பூசையின் விபூதி மூன்று கோடாகப் பளிச்சென்று இருந்தது. சட்டைக்குள் ருத்ராட்சம் தெரிந்தது. உங்கள் அப்பாவும் தாத்தாவும் செய்த பூசையைத்தான் ஐயா எங்கள் வேதம் வீண் என்கிறது என்று இந்த மனுஷரிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் பையன் கதி என்ன? நாற்காலி போட்டு உட்கார வைத்தவரின் முகத்தில் அடிக்கிற மாதிரி ஆகாதா?

"அப்பன் வீட்டில் இருக்கிற பையன், அப்பன் கொடுத்ததை வாங்கியிருக்க மாட்டான்னு உம்மால் சத்தியம் பண்ண முடியுமா? வேதக்காரர் நீர், பொய் சொல்ல மாட்டீர்."

அண்ணன் வாங்கியதும் ஒன்றுமில்லை, கொடுத்ததும் ஒன்றுமில்லை என்று கத்த வேண்டும்போல் தவசிக்கு இருந்தது. வாய் வரவில்லை. வாசலில் வெள்ளைத்துரை சித்தப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். சித்தப்பா இப்போது ஏதாவது பெரிய வார்த்தையைச் சொல்லி எல்லாவற்றையும் சரிபண்ணிவிடுவார் என்ற நம்பிக்கை அந்த முகத்தில் இருந்தது. அதைப் பார்த்த பிறகு தவசிக்குத் தமிழும் மறந்துபோயிற்று.

அதிகாரி காத்திருந்து பார்த்துவிட்டு எழுதினார். அவரைக் குற்றம் சொல்லவும் வழியில்லை. உபதேசியார் மனச்சாட்சி உள்ளவர், தெரிந்துகொண்டே பொய்ச் சாட்சி சொல்ல மனமில்லாமல் மௌனமாக இருந்துவிட்டார் என்று மெச்சித்தான் எழுதினாராம். இரண்டு வருஷம் பையனின் நடத்தையைப் பார்த்துவிட்டு மறுபடி யோசிக்கலாம், இப்போதைக்கு விலக்கு இல்லை, ஸ்டேஷனுக்கு இன்னொரு தடவை அலைய வேண்டாம், இங்கேயே ரேகையை வைத்துவிட்டுப் போகட்டும் என்றார். அதையும் ஓர் உபகாரமாகத்தான் சொன்னார்.

பக்கத்து அறையில் மைப்பலகை தயாராக இருந்தது. சுருளி ஏட்டுதான் பையனின் விரலைப் பிடித்து ஒவ்வொன்றாக உருட்டினார். நான் நல்லதுக்குத்தானே சொன்னேன் உபதேசியாரே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தவசி அவரைத் தேற்ற வேண்டியதாகிவிட்டது. வெள்ளைத்துரை மை சட்டையில் பட்டுவிடாமல் கையை முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு நின்றான். புதுத் துணியைக் காப்பாற்றும் ஞாபகம்தான் அவனுக்கு அப்போது இருந்தது.

புளியமரத்தடியில் ஒச்சாயி அவன் விரல்களைப் பார்த்தாள். மடியிலிருந்து சோளச்சோற்றை எடுத்து அவளே பிசைந்து மகனுக்கு ஊட்டினாள். பதினெட்டு வயதுப் பிள்ளை வெட்கப்படாமல் வாங்கித் தின்றான்.

திரும்பி வரும் வழியில், ஊரை நெருங்கும்போது வெள்ளைத்துரை தவசியின் பக்கம் வந்து சேர்ந்து நடந்தான்.

"நீங்க என்ன பண்ணுவீக சித்தப்பா. பொய் சொல்லவா முடியும்?"

அவன் திட்டியிருந்தால் தவசி தாங்கியிருப்பார். நீ நினைக்கிற மாதிரி இல்லையடா, அங்கே சொல்ல வேண்டிய உண்மைதான் ஒன்று இருந்தது, அதைத்தான் பயத்தில் விழுங்கிவிட்டேன் என்று சொல்லத் துணிவில்லை. மேற்கே சாப்டூர் மலைக்குமேல் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பொழுது சாய்வதற்குள் வீடு போய்ச் சேர வேண்டுமே என்று நாலு பேரும் தாமாகவே நடையை எட்டிப் போட்டார்கள். இன்றிலிருந்து அந்த அவசரம் வெள்ளைத்துரைக்கும் உண்டு.

வீட்டுக்கு வந்ததும் சின்னச்சாமி உள்ளே போய்ப் பரணிலிருந்து ஒரு கருப்புக் கம்பளியை எடுத்து வந்து வாசலில் உதறினார். அங்கங்கே பூச்சி அரித்த பழைய கம்பளி. அவர் துப்பட்டியோடு போய்க்கொண்டிருந்ததால் அதை யாரும் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. அன்றைக்குத் தவசி உள்ளறைக்குப் போகவில்லை. போக வேண்டும் என்றுதான் நினைத்தார், கால் நகரவில்லை.

"கொட்டகைத் தரை சில்லுன்னு இருக்கும்ப்பா. இது எங்கப்பன் மொத நாள் எனக்குக் குடுத்தது. ஒனக்கு வேணாம்னுதான் மேல போட்டு வச்சுருந்தேன்," என்றார் சின்னச்சாமி.

வெள்ளைத்துரை இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டான். விரல் நுனியெல்லாம் மை. புளி போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அப்பனும் மகனும் ஒருவர் பின் ஒருவராக ஊர்க்கோடிக்கு நடந்தார்கள். தெருவில் இன்னும் நாலைந்து பேர் துப்பட்டியோடு இறங்கி அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். புதிதாக ஒருவன் வருகிறானே என்று அவர்களில் யாரும் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

ஒச்சாயி வாசற்படியில் நின்று அவர்கள் கண்ணுக்கு மறையும்வரை பார்த்தாள். பிறகு தவசியிடம் திரும்பினாள். கோபம் ஒன்றும் இல்லை அவள் குரலில். மறந்துபோன ஒரு பொருளைத் தேடுகிறவள் மாதிரிதான் கேட்டாள்.

"அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் சொன்னீக தம்பி? அப்பன் கையில குடுத்ததுன்னுதானே?"

"ஆமா மதினி."

"அப்பன் மட்டுந்தானா?"

தவசி தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சித்தப்பனும் குடுப்பான் மதினி," என்றார்.

அவளுக்கு அது விளங்கவில்லை. விளக்கேற்ற நேரமாகிவிட்டது என்று உள்ளே போனாள்.